சோத்துப் பல்

சிடாம் கிரியிலிருந்து சுங்கைப்பட்டாணிக்குப் போகும் காலைப் பேருந்தில் என் முன் இருக்கையில் இரண்டு பெரியவர்கள் இருந்தார்கள். ஒருவர் மடியில் சாக்ஸபோன் பெட்டி. திடீரென்று அவர் வாயைப் பொத்திக்கொண்டார்.

“டேய் மணியம், சோத்துப் பல்ல மாட்டிக்கிட்டு வந்துட்டேன்!”

“ஐயோ! அப்ப ஊதுற பல்லு செட்டு எங்கடா?”

“வீட்டுல, சிவப்பு டப்பாவுல. பசியாற இதை மாட்டினேன். பயத்துல ஒண்ணும் சாப்பிடாம அப்படியே கிளம்பிட்டேன். இதை வெச்சு ஊதினா வெறும் காத்துதான்லா வரும்.”

“பத்து மணிக்கு ரெக்கார்டிங். அந்தப் பாட்டுக்காரப் பிள்ளைக்கு போன் போடு.”

“சின்னப் பிள்ளைகிட்ட பல்லு கதையா? மானம் போயிரும். நாப்பது வருஷம் ஹோட்டல்ல ஜாஸ் ஊதினேன். இன்னிக்குத்தான்டா அந்தப் பிள்ளை பேரோட என் பேரையும் போட்டு ஒரு பாட்டு வருது.”

மணியம் போனைப் பிடுங்கி விஷயத்தைச் சொல்லிவிட்டு ஸ்பீக்கரில் போட்டார். அந்தப் பிள்ளை பேசியது பேருந்துக்கே கேட்டது.

“அங்கிள், நான் இன்னும் கூலிம்லதான் இருக்கேன். வர்ற வழியில உங்க வீட்டுல எடுத்துட்டு வந்துர்றேன். ஆன்டிகிட்ட சொல்லி வைங்க. நீங்க ஊதாம நான் பாட மாட்டேன்லா!”

 சாக்ஸபோன் பெரியவர் நண்பரின் தொடையில் ஓங்கி அடித்தார்.

“கேட்டியாடா? என் பல்லு கார்ல வருது!”

“கேட்டேன், கேட்டேன். என் தொடையை விடு.”

“இறங்கினதும் ரொட்டி சானாய் கடைக்குப் போவோம். ஊதுற பல்லு வர்ற வரைக்கும் இந்தப் பல்லுக்கு வேலை குடுப்போம்!”