கடலில் எண்ணிய தலைகள்

தங்கச் சுரங்க ஊரான கோரமண்டலில் ரயில் ஏறினேன். பெட்டியில் பூக்காரம்மா ஒருவர், தூங்கும் பெரியவர் ஒருவர், வேலைக்குப் போகும் பெண்கள் இருவர். அவர்களில் சின்னவள் படகு கிளப்போடு மல்பே கடற்கரைக்குப் போய், அங்குள்ள தீவைச் சுற்றி கயாக் என்ற ஒற்றையாள் துடுப்புப் படகு ஓட்டிவிட்டு வந்தவள்.

"நடுக்கடல்ல அட்டெண்டன்ஸ் எடுத்தேன்க்கா."

"இன்னாடி சொல்ற?"

"திடீர்னு மழை. பக்கத்துப் படகே தெரியல. சுரங்கத்துல ஆளேத்துற கேஜ் மேல வந்தா எங்கப்பா ஆளுங்கள நம்பர் சொல்லச் சொல்வாராம். நானும் அப்டியே 'ஒண்ணு'ன்னு கத்துனேன். ஆறு வரைக்கும் குரல் வந்துச்சு. ஏழாவது பொண்ணு சத்தமே இல்ல."

"ஐயோ!"

"திரும்பிப் போனேன். கவுந்த படகைப் புடிச்சினு மெதக்கறா."

"பயமா இல்லியா?"

"இருந்துச்சு. என் படகைப் புடிச்சுக்கச் சொல்லி இழுத்துனு வந்தேன்."

"கெட்டிக்காரிடி நீ! கரைக்கு எத்தினி பேரு வந்தீங்க?"

"ஏழு."