கூரை ஓட்டையில் பச்சை ஸ்வெட்டர்

ஹலோ… ஹலோ… டெஸ்? நான்தான்… நான்தான்யா, கிளெனிஸ். உன் பொண்டாட்டி. ஞாயித்துக்கிழமை கிளம்பி வந்தவ, அதுக்குள்ள குரல் மறந்துபோச்சா? … என்ன, இன்னும் படுக்கையிலயா? பொழுது விடிஞ்சு எவ்வளவு நேரமாச்சு மனுஷா!

இல்ல… இல்ல, இரு. சமாதானத்துக்குக் கூப்பிட்டேன்னு குஷியாகிடாதே. என் ரப்பர் பூட்ஸ் வேணும், அதுக்குத்தான். ஏவ்ரில் வீட்டு வாசல் பூரா பனி கொட்டிக் கிடக்கு. அவ பூட்ஸ்ல என் கால் நுழையல. … ஆமா, தங்கச்சி வீட்டுலதான் இருக்கேன், வேற எங்கே போவேன்? … நல்லா இருக்கேன். ராணி மாதிரி இருக்கேன். சுவத்துல ஒரு பொத்தானைத் தட்டினா வீடே வெதுவெதுன்னு ஆகுது. கரி அள்ள வேணாம், சாம்பல் கொட்ட வேணாம். … தூக்கமா? தூங்கினேனே. … சரி, தூங்கல. கட்டில் ஆடவே மாட்டேங்குது, எப்படித் தூக்கம் வரும்?

சிரிக்காதே. கோவம் இன்னும் அப்படியேதான் இருக்கு.

ஆமா… ஆமா… ஏன் இருக்காது? ஒவ்வொரு குளிர்காலமும் இதே கூத்துதானே. ஜன்னலுக்கு உள்பக்கம் உறைபனி. கூரையிலேர்ந்து தண்ணி சொட்டுது, அதுவும் தேடிப் பிடிச்சு என் தலகாணி மேல. அலமாரிக்குப் பின்னாடி பூஞ்சை. நாம படுத்திருக்கிறது இரும்புப் பெட்டி, அதைச் சுத்தி கால்வாய் பூரா ஐஸ், கதவிடுக்குல காத்து விசிலடிக்குது. வாயைத் திறந்து சொன்னா, "படகு வாழ்க்கைன்னா அப்படித்தான்"னு தத்துவம் பேசுவே. நீ பிடிச்ச முயலுக்கு எப்பவும் மூணே கால்.

என்ன சொன்னேன்? … அதேதான். "பொட்டுக் காத்து உள்ள வராத படகா ஆக்கிட்டுக் கூப்பிடு, வர்றேன்." சொன்னேன். இப்பவும் சொல்றேன்.

என்னது? … ஆக்கிட்டியா? … யாரு, நீயா?

ம்… ம்… கட்டிலுக்கு அடியில தெர்மாகோலா? பலகையைக் கழட்டிட்டா? … ஜன்னலுக்கு பிளாஸ்டிக் தாள் இழுத்து ஒட்டினியா? … எதுல? … என் தலைமுடி காய வைக்கிற மெஷின்லயா? உருகிப் போச்சுன்னா நீதான் வாங்கித் தரணும். … தரைக்குப் பழைய கம்பளமா… அட. அடடா. ஏவ்ரில், கேளுடி, என் வீட்டுக்காரன் வேலை செஞ்சிருக்கான்! படகுக் கூரை மேலேர்ந்து ஏணி எடுக்கவே ஒரு மாசம் ஆக்குற ஆளு!

இல்ல, கிண்டல் பண்ணல. நிஜமாத்தான் சொல்றேன். … உள்ள அவ்வளவு சூடா? … சட்டை போடாமலா படுத்திருக்கே? இந்தக் குளிர்லயா? … அடுப்பு அணையவே இல்லையா? … ஓ, ராத்திரி கரியைக் குவிச்சு, அடுப்போட காத்துக் கதவை மூடி, அமத்தி வச்சிட்டியா. ம். சரி.

நல்லா பேசேன், குழறுது. வாயைத் துணியால கட்டிக்கிட்டுப் பேசுற மாதிரி இருக்கு. … தூக்கக் கலக்கமா? சரி சரி, பூட்ஸ் எங்கே இருக்குன்னு பாரு. முன் படிக்கட்டுக்குக் கீழதான் வச்சிருந்தேன். … எழுந்திரிக்க முடியலையா? சோம்பேறி!

இரு… அது என்ன சத்தம்? டொக்கு டொக்குன்னு… அன்னப் பறவையா? ஐயோ பாவம், ரொட்டி கேட்டு வந்திருக்கு. அந்த ஐஸ்ல ஒரு ஓட்டை பண்ணி வச்சுக்கிட்டு இன்னும் நம்ம படகையேதான் கொத்துதா? ஒரு துண்டு போடு அதுக்கு.

…

டெஸ். பிக்கிள் ஏன் குரைக்கல?

பிக்கிள், நம்ம நாய், ஏன் குரைக்கல? அன்னம் மூக்கை வச்சாலே படகு கவிழுற மாதிரி குதிப்பானே. … தூங்குறானா? அன்னம் தட்டுறப்போ பிக்கிள் தூங்குறானா? … கூப்பிடு பாப்போம். நான் கேக்கறேன், கூப்பிடு. … வாலை மட்டும் ஆட்டுறானா? … காலையில வெளிய போகணும்னு கேக்கவே இல்லையா?

நேத்து ஹெட்லி படகுல போய்க் குடிச்சியா? … சொல்லு, திட்ட மாட்டேன். … குடிக்கல. சரி. பின்ன ஏன் இப்படிப் பேசுறே? … தலைவலியா? எப்பலேர்ந்து? … ராத்திரியே வாந்தி வேற எடுத்தியா? … கெட்டுப்போன மீனா? அதெல்லாம் இல்ல. இரு. பேசாதே. என்னை யோசிக்க விடு.

டெஸ், ஒண்ணு கேக்கறேன், உண்மையைச் சொல்லு. கூரை மேல பித்தளைக் காளான் மாதிரி வரிசையா மூடி இருக்கே… காத்து போய் வர்றதுக்குன்னு வச்சிருக்கிறது… அதை என்ன பண்ணினே?

…

அடைச்சிட்டியா? … எல்லாத்தையுமா? … அடப்பாவி மனுஷா! கதவுல இருக்குற ஜல்லடைப் பலகையையும் டேப் போட்டு… ஐயோ! ஐயோ டெஸ்! அடுப்பை அமத்தி வச்சிட்டு, மூச்சு விடற ஓட்டையெல்லாம் அடைச்சிட்டு உள்ள படுத்திருக்கியே! கரி அரைகுறையா எரிஞ்சு வர்ற விஷ வாயுவுக்கு வாசனையா இருக்கு, உனக்குத் தெரியறதுக்கு?

அலாரம் எங்கே? அதுக்குன்னுதானே சுவத்துல ஒண்ணு மாட்டியிருக்கோம், கத்தலையா? … கத்திச்சா! கத்தினதை என்ன பண்ணினே? … பேட்டரி தீந்துபோச்சுன்னு… எங்கே வச்சே? … ரொட்டி டப்பாவுக்குள்ளயா! மேல துண்டு வேற சுத்தியா!

எழுந்திரு. டெஸ், எழுந்திரு. இப்பவே கதவைத் திற. … சூடு போனாப் போகுது! பாடுபட்டு அடைச்சேங்கறே, போகட்டும், எல்லாம் போகட்டும்! நீ இருந்தாத்தானேயா சூடு! … கால் நிக்கலையா? தவழ்ந்து போ. கட்டில்லேர்ந்து கீழ உருண்டு விழு. ஃபோனை விடாதே. என் பேச்சு உன் காதுல விழுந்துக்கிட்டே இருக்கணும்.

ஏவ்ரில்! ஏவ்ரில், ஓடி வா! உன் ஃபோனை எடு. ஹெட்லிக்குப் போடு… பக்கத்துப் படகு ஹெட்லிடி! … நம்பர் உன்கிட்ட இல்லையா? பொய் சொல்லாதே, கிறிஸ்துமஸ் அன்னிக்கு அவன் எழுதிக் குடுத்ததை நான் பாத்தேன். வெக்கப்பட இதுவா நேரம்? போடு! உடனே கதவைத் திறந்து டெஸ்ஸை வெளிய இழுக்கச் சொல்லு. மூச்சை அடக்கிக்கிட்டு உள்ள போகச் சொல்லு. அப்புறம் ஆம்புலன்ஸுக்குப் பண்ணு. செங்கல் பாலத்துகிட்ட, 'நீர்க்கோழி'ன்னு பேர் எழுதின படகு, நீல நிறம்!

டெஸ்… டெஸ், இருக்கியா? … ம், சொல்லு, எங்கே இருக்கே இப்ப? … கட்டிலை விட்டு இறங்கிட்டியா? என் தங்கமே. அப்படியே பின் கதவுக்கு வா, அதுதான் கிட்ட. ரெண்டு எட்டு. … வர மாட்டேங்குதா? … டேப்பா? பிச்சுப் போடு. நகத்தால பிறாண்டு. … தாழ்ப்பாள் உறைஞ்சு கிடக்கா? தள்ளு… தோளால தள்ளு…

முடியலையா. சரி. சரி, அழாதே, நான் இருக்கேன். ஜன்னல். பக்கத்துல ஜன்னல் இருக்கு பாரு. கையில என்ன அகப்படுது? கெட்டிலா? அதால அடி. … கண்ணாடி உடையும், ஆமா, உடையத்தான் அடிக்கச் சொல்றேன்! அடி!

…

டெஸ்?

…

டெஸ், சத்தம் கேக்கல. அடிச்சியா? … டெஸ், பேசு. திட்டவாவது திட்டு. … டெஸ்! ஏய், டெஸ்மண்ட்! … பிக்கிள்! பிக்கிள், குரைடா! அன்னம் வந்திருக்கு பாரு, டேய், அன்னம்!

ஏவ்ரில், அவன் ஃபோனைக் கீழ போட்டுட்டான் போல, பேச்சே வரல… ஹெட்லி எங்கே? … என்ன? கிளம்பிட்டானா? … காலையிலயே பாத்தானாமா? என்ன பாத்தான்? … புகைபோக்கியில புகை வந்துச்சா. அதான் ஆளு நல்லா இருக்கான்னு நினைச்சிட்டான். இங்கே எல்லாரும் அப்படித்தானே, புகை வந்தா குட் மார்னிங், வரலன்னா போய்த் தட்டுறது… இன்னிக்குப் பாத்து புகை வந்திருக்கு.

அந்தா! தட்டுறான். எனக்கே கேக்குது, இந்த ஃபோன்ல கேக்குது, படகுல தட்டுறான். … ஏன் தட்டிக்கிட்டே இருக்கான்? என்னடி சொல்றான்? … கரையில நின்னுக்கிட்டு, "டெஸ்மண்ட், ஏறி வரலாமா"ன்னு கேக்கறானா?

கடவுளே! அடுத்தவன் படகுல கேக்காம கால் வைக்கக் கூடாதுன்னு இந்த ஜனங்களுக்கு ஒரு மரியாதை! அவன்கிட்ட சொல்லு, நான் சொல்றேன், அந்தப் படகுல பாதி என்னோடது, நான் கூப்பிடறேன், ஏறுடா! உடைடா! கத்துடி, இன்னும் சத்தமா!

…

உடையுது. மரம் உடையற சத்தம்… டெஸ், உடையுது, கேக்குதா? ஹெட்லி வந்துட்டான். கொஞ்சம் பொறுத்துக்கோ. …

ஹலோ… ஹலோ… யாரு? ஹெட்லியா? என்ன ஆச்சு? … வெளிய கொண்டு வந்துட்டியா? மூச்சு? … மூச்சு இருக்கா? நல்லாப் பாத்துச் சொல்லு, என்னைத் தேத்தறதுக்குச் சொல்லாதே. … கண்ணைத் திறக்கறானா. … புல்லுல படுக்க வச்சிருக்கியா? மேல ஏதாவது போத்து, சட்டை கூட இல்லாம கிடக்கான். … பிக்கிள்? … அதுவும் வாந்தி எடுக்குதா? எடுக்கட்டும், எடுக்கட்டும்! நல்லது!

நீ நல்லா இருப்பே ஹெட்லி. … இல்ல, கதவு போனாப் போகுது, நூறு கதவு மாட்டிக்கலாம். … ஆம்புலன்ஸ் வருது, பாலத்துகிட்ட ஒரு ஆளை நிக்க வை. … இப்ப மறுபடி உள்ள போகாதே. வெளியிலேர்ந்தே, கூரை மேலேர்ந்து, அந்தக் காளானுக்குள்ள சொருகினதையெல்லாம் பிடுங்கிப் போடு. ஒண்ணு விடாம. … ஆமா, லைன்லயேதான் இருக்கேன்.

… என்ன வருது? … காலுறை. ம். … இன்னொரு காலுறை. … இன்னொண்ணு என்ன? பச்சைக் கம்பளியா? … பொத்தான் பித்தளையா? ஒரு பொத்தான் மட்டும் வேற மாதிரியா?

…

இல்ல, ஒண்ணுமில்ல. என் ஸ்வெட்டர் அது. கிளம்பறப்போ கோவத்துல எடுக்காம வந்துட்டேன்.

அவன்கிட்ட ஃபோனைக் குடு. காதுகிட்ட வை, போதும்.

டெஸ்… பேசாதே. மூச்சை மட்டும் இழுத்து விடு. குளிர்ந்தாலும் பரவாயில்ல, நல்லா இழு. … ஏன்யா என் ஸ்வெட்டரை எடுத்தே? … அதுதான் கெட்டியா இருந்துச்சா. … பொட்டுக் காத்து கூட… ம். நான் சொன்னதுதான். தெரியும்.

நான் சொல்லி எதைக் கேட்டிருக்கே நீ? குடை எடுத்துட்டுப் போன்னா எடுக்க மாட்டே. டாக்டர்கிட்ட போன்னா போக மாட்டே. புகைபோக்கியைத் துடைன்னு ஐப்பசியிலேர்ந்து கத்தறேன். ஒரு வார்த்தை… ஒரே ஒரு வார்த்தையை வாழ்க்கையில கேட்டே, அது இதுவா? இதைப் போய் ஏன்யா கேட்டே? நான் கோவத்துல சொன்னேன்யா. காத்து வந்தா வந்துட்டுப் போகுது. தலகாணி நனைஞ்சா திருப்பிப் போட்டுப் படுத்துக்கறேன்.

… அழலையே. யாரு அழறா? சளி பிடிச்சிருக்கு. இந்த வீட்டுச் சூடு ஒத்துக்கல.

… என்ன? பூட்ஸா? … படிக்கட்டுக்குக் கீழ இருக்கா? அட மடையா, பூட்ஸை யாருய்யா கேட்டா? உன் குரலைக் கேக்கணும்னு இருந்துச்சு, சும்மா கூப்பிட முடியுமா? அதுக்கு ஒரு பூட்ஸ். … ஆமா. … ஆமா, வர்றேன். ஏவ்ரில் சாவியைத் தேடறா. நேரா ஆஸ்பத்திரிக்குத்தான். முகமூடி வச்சு ஆக்ஸிஜன் குடுப்பாங்க, கழட்டிட்டு வியாக்கியானம் பேசாதே, சொல்றதைக் கேளு. … வந்துட்டாங்களா? சரி, ஃபோனை ஹெட்லிகிட்ட குடுத்துடு. குடுத்துட்டுப் போ.

ஹெட்லி… ம்… நடக்கறானா? … தூக்கிட்டுப் போறாங்களா. சரி. பிக்கிளை உன் படகுல வச்சுக்கோ. … ஏவ்ரிலா? இதோ, என்னோடதான் வர்றா. நீயே நேர்ல கேட்டுக்கோ.

என்ன… கத்தறான்? டெஸ்ஸா? ஸ்ட்ரெச்சர்லேர்ந்தா? என்னவாம்? … கதவைச் சாத்தச் சொல்றானா? சூடெல்லாம் போகுதுன்னா?

சாத்தாதே ஹெட்லி. நல்லா விரியத் திறந்து போடு. பனி உள்ள வந்தாலும் வரட்டும். சாயங்காலம் நான் வந்து சாத்திக்கறேன். … ஆமா, நான்தான். வந்து நானே அடுப்பைப் பத்த வச்சுக்கறேன்.

வைக்கிறேன். ஏவ்ரில் ஹார்ன் அடிக்கிறா.