கல்யாணப் பெண்ணின் உதடு

1. தஞ்சாவூர் பேருந்தில் என் முன் இருக்கையிலிருந்த கல்யாணப் பெண் கடலைப் பொட்டலத்தைப் பிரித்தாள்.
2. பக்கத்திலிருந்த தங்கை அதைப் பிடுங்கிக்கொண்டாள்.
3. "மறுபடியும் சிவப்பு மீசை வேணுமா?" என்று கேட்டாள்.

"நிச்சயதார்த்தத்துக்கு உதட்டுல அக்கி வந்ததும், அம்மாதானடி காவி மண்ணக் குழைச்சு அது மேல எழுத வச்சாங்க! போட்டோ பூரா மீசை."

"அதான் சொல்றேன். அக்கி வராம இருக்க லைசின் மாத்திரையும் போடுவ, அதக் கிளப்பிவிடுற கடலையும் திம்பியா? வெள்ளிக்கிழமை கல்யாணம்க்கா."

"மாத்திரை கேக்கும்னு டாக்டரே உறுதியாச் சொல்லலையே."

"வந்துட்டா?"

"கட்டிக்கப் போறவருக்கும் அடிக்கடி வருமாம். நேத்துதான் போன்ல சொன்னாரு. வந்தா ரெண்டு பேரும் காவியோட நிப்போம்."

"அவருக்குத்தான் மீசை இருக்கே, தெரியாது!"

இருவரும் சிரித்த சிரிப்பில் நடத்துநர் திரும்பிப் பார்த்தார்.

நீடாமங்கலத்தில் அவர்கள் இறங்கும்போது கல்யாணப் பெண்ணின் உதட்டில் ஒரு கொப்புளமும் இல்லை.