ஈரக் கதவு

வார்னிஷ் அடிக்கும்போது மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். ஜன்னலையும் சாத்திவிட வேண்டும். இல்லையென்றால் தூசி வந்து ஒட்டிக்கொள்ளும், அப்புறம் தலைகீழாக நின்றாலும் எடுக்க முடியாது. என் வீட்டுக்காரர் சொல்லித்தான் எனக்கு இது தெரியும். ஜன்னல் ஏன் சாத்தியிருந்தது என்று கேட்டீர்கள், அதனால் சொல்கிறேன்.

அவருக்கு அதுதான் தொழில். யார் யார் வீட்டு நாற்காலியோ கட்டிலோ எங்கள் முன்னறைக்கு வரும். சாயம் ஏற்றி, உப்புத்தாளால் தேய்த்து, வார்னிஷ் அடித்து அனுப்புவார். கோபமே வராத மனுஷர். ஆனால் காயாத பொருளில் யாராவது கை வைத்துவிட்டால் வீடு இரண்டாகிவிடும். கல்யாணமான புதிதில் தெரியாமல் ஒரு மேசையைத் தொட்டுவிட்டேன், ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. எங்கள் மகன் நடை பழகும்போதே கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நடந்தான் என்று அக்கம்பக்கத்தில் கேலி செய்வார்கள்.

பிறகு அவருக்கு நினைவு தப்ப ஆரம்பித்தது. கண் அசந்தால் எங்காவது கிளம்பிவிடுவார். ஒருமுறை பெரிய சாலையின் நடுவில் ஒற்றைச் செருப்போடு நின்றவரை ஒரு லாரிக்காரர் கூட்டிவந்து விட்டார். வெளியே பூட்டிப் பார்த்தேன். கதவில் தலையை மோதிக்கொண்டு அலறினார். "மனுஷனை இப்படியா அடைச்சு வைப்பீங்க?" என்று எதிர்வீட்டு டீச்சர் வந்து சத்தம் போட்டார். பூட்டவும் கூடாது, திறந்து விடவும் கூடாது என்றால் ஒருத்தி என்னதான் செய்வாள்? வெளிநாட்டில் இருக்கும் மகனிடம் போனில் அழுதேன். "கொஞ்சம் பொறுத்துக்கோம்மா" என்றான். அவனாலும் வேறென்ன சொல்ல முடியும்.

அவர் மோதி மோதிக் கதவின் உட்பக்கம் பாழாகியிருந்தது. மிச்சமிருந்த வார்னிஷை ஒருநாள் அதில் பூசினேன். வழக்கம்போல வெளியே போக வந்தவர், நீட்டிய கையோடு நின்றார். முகர்ந்து பார்த்தார். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"காஞ்சிடுச்சா?"

"இன்னும் இல்லங்க."

"சரி, காயட்டும். கீழ வழிஞ்சிருக்கு பாரு. பிரஷ்ஷை இவ்வளவு முக்கினா வழியாம என்ன செய்யும்?"

என் பெயரே மறந்துபோனவர் அது மட்டும் கவனித்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. எத்தனையோ மாதம் கழித்து அன்றுதான் நிதானமாகக் குளித்தேன்.

அதிலிருந்து தினமும் காலையில் ஒரு பூச்சு. அவரே போய் ஜன்னலைச் சாத்துவார். பிறகு நாற்காலியைப் போட்டுக்கொண்டு கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். அந்த நெடியில் இருமல் வந்தது. வீட்டில் காற்றோட்டம் வேண்டும் என்றார் டாக்டர். தலையாட்டிவிட்டு, வரும் வழியில் இன்னொரு டப்பா வாங்கினேன்.

தங்கை வீட்டுக்கு ஒரு எட்டு போய்விட்டு வரலாம் என்றுதான் கிளம்பினேன். அன்று கொஞ்சம் தடிமனாகவே பூசினேன். குடம் நிறையத் தண்ணீர், மூடி வைத்த தட்டில் சாப்பாடு. இதையும் எழுதிக்கொள்ளுங்கள். பூட்டவில்லை, தாழ்ப்பாள் போடவில்லை, சும்மா சாத்திவிட்டுத்தான் போனேன். தம்ளரைக் கையில் கொடுத்து 'குடிங்க' என்றால்தான் அவர் குடிப்பார் என்பது உனக்குத் தெரியாதா என்று கேட்கிறீர்கள். தெரியும்.

தங்கை பாய் விரித்தாள். படுத்ததுதான் தெரியும், விழித்தபோது பொழுது விடிந்திருந்தது. யாரும் என்னை எழுப்பவில்லை. அதை உங்களுக்கு எப்படிப் புரிய வைப்பேன்? "மாமாவை யாருக்கா பார்த்துக்கறாங்க?" என்று கேட்டாள். மகன் வந்திருக்கிறான் என்றேன். இன்னும் ஒரு நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று தோன்றியது. அதற்கடுத்த நாளும் அப்படித்தான் தோன்றியது.

டீச்சர் உங்களிடம் சொன்னது அத்தனையும் உண்மை. இருமல் சத்தம் கேட்டு அவர் போய்க் கதவைத் தட்டியிருக்கிறார். "தொடாதீங்கம்மா, ஈரமா இருக்கு, அவ இப்பதான் அடிச்சா" என்று உள்ளிருந்து பதில் வந்திருக்கிறது. நான் வீட்டில்தான் இருக்கிறேன் என்று நினைத்துத் திரும்பிவிட்டார். பாவம், இப்போது அழுதுகொண்டே இருக்கிறாராம். அவர் மேல் தப்பில்லை. என் வீட்டுக்காரர் கதவை விட்டு ஒரு முழம் தள்ளியே கிடந்தார் என்று சொன்னீர்கள். அப்படித்தான் கிடந்திருப்பார்.

நீங்கள் கேட்காதது ஒன்று இருக்கிறது. இடையில் நான் ஒருமுறை வந்தேன்.

மாற்றுப் புடவை எடுக்கத்தான் வந்தேன். நல்ல வெயில். படியேறி வந்து கதவில் கை வைத்தேன். பூசியது எப்போதோ காய்ந்திருக்கும், அது எனக்குத் தெரியும். என் காலடிச் சத்தம் அவருக்குக் கேட்டிருக்க வேண்டும்.

"காஞ்சிடுச்சா?" என்றார். குரல் எழும்பவே இல்லை.

திறந்தால் எல்லாம் மறுபடியும் முதலிலிருந்து. தள்ளினால் திறக்கிற கதவு, சார், என்னால் தள்ள முடியவில்லை.

"இன்னும் இல்லங்க" என்றேன்.

"சரி" என்றார். பிறகு, "நீ சாப்பிட்டியா?" என்றார்.

"சாப்பிட்டேங்க."

தங்கை வீட்டில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்திருந்தேன். அவரிடம் பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.