ஒரு கோல்கூடப் போடாதவர்

ஏற்கெனவே ஸ்டாம்ப் ஒட்டிய கவரோடு, ரிச்சர்ட்சன் தபால் நிலையத்தில் ஸ்டாம்ப் வாங்க அரை மணி நேரம் வரிசையில் நின்ற அறிவாளி நான். தெரிந்த பிறகும் விலகவில்லை. முன்னால் நின்ற தம்பதியின் பேச்சு அப்படி.

“எட்டு வருஷம் ஆடி ஒரு கோல்கூடப் போடலையாம்,” என்றார் கணவர்.

“யாருங்க?”

“பக்கத்து வீட்டு ஆஸ்திரேலியா அங்கிள். ஐம்பதுகள்ல மெல்பர்ன்ல, பந்தைக் கையாலயும் பிடிக்கற அந்த ஊர் ஃபுட்பால் ஆடினவர். கோல் விழாம தடுக்கற டிஃபெண்டர். எதிராளி பந்தைப் பிடிக்க எம்பினா, பின்னாலேருந்து பந்தைக் குத்தி விட்டுருவாராம். விரலெல்லாம் இன்னும் கோணல், பார்த்திருப்பியே.”

“அதுக்கும் என் ஒய்டூகே வேலை இன்டர்வியூவுக்கும் என்ன?”

“நீ டெஸ்டர். மத்தவங்க எழுதின கம்ப்யூட்டர் புரோகிராம்ல தப்பைப் பிடிச்சு நிறுத்தறவ. ‘நானா ஒண்ணுமே எழுதலையே, என்னத்தைச் சொல்றது’ன்னு காலைலேருந்து புலம்பறே. அவரை ஒரு மேட்ச்கூட வெளியே உட்கார வைக்கலையாம்!”

அந்தப் பெண் நான்காக மடித்து வைத்திருந்த ரெஸ்யூமேயைப் பிரித்து நீவிவிட்டார்.

என் வாய் சும்மா இருக்குமா? “இருந்தாலும், ஒரே ஒரு கோலாவது போட்டிருக்கலாமே அவர்?” என்றேன்.

அந்தப் பெண் திரும்பினார்.

“அது அவர் வேலை இல்ல சார்.”