இருபத்தேழாம் பக்கத்துக் கோவைப்பழம்

இந்த அவையைத் தலைமையேற்று நடத்தும் வாசகர் வட்டத் தலைவர் வேங்கடேசன் அவர்களே! மயிலத்திலிருந்தும் மரக்காணத்திலிருந்தும் வெயிலை மிதித்து வந்திருக்கும் பெரியோர்களே! களை எடுத்த கையோடு பேருந்து பிடித்து வந்து அமர்ந்திருக்கும் மகளிர் குழுத் தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும், நடுங்கும் நாவால் என் வணக்கம்.

ஆம், நடுங்குகிறது. "பிரபாவதிக்கு மேடை பயமா?" என்று முன்வரிசையில் ஒருவர் சிரிக்கிறார். ஐயா, பதினெட்டு ஆண்டுகளாக இந்தத் திண்டிவனத்தில் பத்திரம் எழுதிப் பிழைப்பவள் நான். பங்காளிச் சண்டையின் நடுவில் உட்கார்ந்து பாகம் பிரித்து எழுதியவளுக்கு இந்த மேடையா பயம்? நான் பயப்படுவது அதோ அந்த மேசையைப் பார்த்து. சிவப்பு நாடா கட்டி அடுக்கி வைத்திருக்கிறீர்களே நானூறு புத்தகங்கள், அவற்றைப் பார்த்து!

ஏற்புரை சொல்ல என்னை அழைத்தீர்கள். நான் மறுப்புரை சொல்ல எழுந்திருக்கிறேன்.

நம் வேலியில் படரும் கொடிகள், நம் ஏரியில் இறங்கும் பறவைகள், இவற்றை மூன்று ஆண்டுகள் ஞாயிறு தவறாமல் வரைந்தேன். பேனாவால் வரம்பு கட்டினேன். நீர்வண்ணத்தால் உயிர் ஊட்டினேன். எது உண்ணத் தக்கது, எது தொடத் தகாதது என்று எழுத்தறியாத தாயும் படம் பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டும். அதற்குத்தானே இந்த நூல்? அதற்குத்தானே இன்று ஆளுக்கொன்று கொடுக்கப் போகிறீர்கள்?

அந்த நூலின் இருபத்தேழாம் பக்கத்தில் ஒரு கோவைப்பழம் இருக்கிறது. அழகோ அழகு! வழவழவென்று, செக்கச்செவேலென்று, வெயில் பட்டு மின்னும் பழம். அந்த மினுமினுப்பை எப்படிக் கொண்டுவந்தேன் தெரியுமா? நீர்வண்ணத்தில் நான் வெள்ளை பூசுவதில்லை. வெள்ளை வேண்டிய இடத்தில் தாளை அப்படியே விட்டுவிடுவேன். பழத்தின் மேல் மெல்லிய மூன்று கோடுகளை வண்ணம் படாமல் விட்டேன். பழம் பளபளத்தது. போதாதென்று, அதைக் கொத்தித் தின்னும் கொண்டைக்குருவி ஒன்றையும் பக்கத்தில் உட்கார வைத்தேன்.

"நல்லாத்தானே இருக்குது படம்!" என்று அங்கிருந்து ஒரு குரல். நன்றாக இருப்பதுதான் அம்மா ஆபத்து!

அதே வேலியில் இன்னொரு கொடி உண்டு. ஐந்து விரலாய்ப் பிரிந்த இலை, அதனால் ஐவிரலி என்று பெயர். அதன் பழமும் சிவப்பு. ஆனால் நெடுக வெள்ளை வரி போட்டிருக்கும். நஞ்சு! நான் ஒளி என்று விட்ட வெள்ளை, பார்க்கிறவர் கண்ணுக்கு வரியாகிவிட்டது. கோவை என்று பெயர் எழுதி, ஐவிரலியை வரைந்து வைத்துவிட்டேன்! இலையைச் சரியாகத்தான் வரைந்தேன். பழம் பறிக்கப் போகிறவர் இலையையா பார்ப்பார்?

இது எனக்கு எப்போது தெரிந்தது? வியாழக்கிழமை காலை பத்து மணிக்குத் தெரிந்தது. திருவக்கரைப் பக்கத்திலிருந்து லூர்துமேரி தொலைபேசியில் அழைத்தாள். கூலி வேலை செய்கிறவள். மாதிரிக்காக நான் முன்னதாகக் கொடுத்த இரண்டு பிரதிகளில் ஒன்று அவளிடம் இருந்தது. குரலில் அத்தனை மகிழ்ச்சி.

"அக்கா, உங்க படத்துல கீறது எங்க வேலியில கொத்துக் கொத்தா தொங்குது. இத்தினி நாளா இத விஷம்னு சொல்லிக்கினு தொடாமயே இருந்துட்டோம். வரியெல்லாம் அப்டியே கீதுக்கா. புள்ள துன்னுக்கினு இருக்குது."

"துப்பச் சொல்லு! துப்பச் சொல்லுடி!" என்று நான் கத்திய கத்தலில், பதிவுக்கு வந்தவர்கள் எல்லாம் எழுந்து நின்றுவிட்டார்கள். ஆறு வயதுப் பெண், ஸ்டெல்லா. மூன்று பழம் தின்றிருந்தாள். வாந்தியும் பேதியுமாக ஆட்டோவில் இந்த ஊர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். இரவும் பகலும் அந்தக் கட்டிலின் காலடியில் நின்றேன். துவண்டு கிடந்த அந்தக் கையைத் தொடக்கூட எனக்குத் துணிச்சல் இல்லை. பிழைத்துக்கொண்டாள். நேற்று மாலைதான் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

தாய்மார்களே, அதைவிடப் பெரிய அச்சம் ஒன்றைச் சொல்கிறேன். கட்டிலருகே நான் கையைக் கூப்பி, "என் படம் தப்பு" என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் லூர்துமேரி என்ன சொன்னாள் தெரியுமா?

"புஸ்தகத்துல தப்பு இருக்காதுக்கா. நான்தான் எதையோ மாத்திப் பறிச்சினு வந்துட்டேன்."

கேட்டீர்களா? விஷம் என்று அவளுக்குத் தெரியும். அவள் தாய்க்குத் தெரியும். அந்தத் தெரு முழுவதும் தெரியும். அச்சடித்த ஒரு தாள் வந்து அத்தனை பேர் அறிவையும் அழித்துவிட்டது! அதைக் கேட்டும் நான் வாயைத் திறந்தேனா? இல்லை. விழா நின்றுவிடுமே, பெயர் கெட்டுவிடுமே என்று ஊமையாக நின்றேன். வெட்கமாக இருக்கிறது, சொல்லிவிட்டேன்.

இன்று காலைதான் தலைவரிடம் ஒப்புக்கொண்டேன். "திருத்தச் சீட்டு ஒட்டிடலாம்மா, ஏன் பதறிக்கினு?" என்றார். நல்ல மனிதர், நல்ல எண்ணம். ஆனால் ஐயா, படிக்கத் தெரியாதவருக்கென்று போட்ட புத்தகத்தில் சீட்டு ஒட்டினால் அதை யார் படிப்பார்? பத்திரத்தில் பிழை என்றால் பிழைதிருத்தல் பத்திரம் எழுதுவேன். குழந்தையின் வயிற்றுக்குள் போன பிழைக்கு எந்தப் பத்திரம் எழுதுவது?

இன்னொரு மாதிரிப் பிரதி கடலோரத்துப் பொம்மையார்பாளையத்தில் கலைமதியிடம் இருந்தது. நேற்று கேட்டால், "பக்கத்து வூட்டுல பாத்துட்டுத் தர்றேன்னு வாங்கினு போனாங்க, அவங்க யாருக்கோ குடுத்துட்டாங்களாம்" என்கிறாள். எந்த வீட்டில் எந்தப் பிள்ளை அந்தப் பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருக்கிறதோ! ஒன்றுக்கே இந்தப் பாடென்றால், நானூறு வெளியே போனால்?

ஆகவே கேட்கிறேன், கெஞ்சிக் கேட்கிறேன். இருபத்தேழாம் பக்கத்தைக் கிழிக்காமல் ஒரு புத்தகம்கூட இந்த மண்டபத்தின் வாசலைத் தாண்டக் கூடாது. கடலோரத்துக்காரர்களே, அந்தப் பிரதி கண்ணில் பட்டால் யாருடையது என்று கேட்காதீர்கள், கிழியுங்கள். இனி நான் வரையும் ஒவ்வொரு படமும், வேலியோரம் நின்று நீங்கள் சரி என்று சொன்ன பிறகே அச்சுக்குப் போகும்.

மூன்றாம் வரிசையில் மகளை மடியில் வைத்துக்கொண்டு தலைகுனிந்து இருக்கிறாயே லூர்துமேரி, நிமிர்ந்து பார். ஆஸ்பத்திரியில் சொல்லாததை ஊரறியச் சொல்கிறேன். நீ எதையும் மாற்றிப் பறிக்கவில்லை. நீ அறிந்திருந்ததுதான் சரி. தப்பு என் படத்தில்.

பொறுமையோடு கேட்ட பெரியோர்க்கும், பதைப்போடு கேட்ட தாய்மார்க்கும் என் நன்றி, என் வணக்கம். மேடைக்கு வா, லூர்துமேரி. நாடாவை நீ அவிழ். முதல் புத்தகத்தின் இருபத்தேழாம் பக்கத்தை நீ கிழி.