தனியாக விடப்பட்ட எருவெரா

வகுப்புக்கு பிஸ்கட் வாங்கும்போது மொறுமொறுப்பானதாக வாங்கக் கூடாது. கடிக்கிற சத்தத்தில் பாதிப் பேச்சு காணாமல் போய்விடும்.

மருத்துவமனை ஊழியர்களுக்கு வைத்தாங்கி ஒப்பந்தம் பற்றிப் பாடம் எடுப்பது என் வேலை. இந்த நாட்டின் பூர்வகுடிகளான மாவோரிகளின் மண்ணும் அவர்கள் பொக்கிஷமாக நினைப்பவையும் அவர்கள் கையிலேயே இருக்கும் என்று வெள்ளையர்களான நாங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதில் எழுதிக் கொடுத்தோம். அந்த வாக்கு இன்று ஒரு வார்டுக்குள் எப்படி வேலை செய்ய வேண்டும் என்று விளக்குவது எனக்குப் பிடிக்கும். உதாரணமாக, மூச்சு நின்றதிலிருந்து மண்ணுக்குள் போகும்வரை அவர்கள் இறந்தவரைத் தனியாக விடுவதில்லை. யாராவது பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். அதற்கு இடம் கொடுப்பதும் வாக்கைக் காப்பதுதான்.

இதைச் சொன்னபோது ஸ்ட்ரெச்சர் தள்ளும் கிரெய்க், "ஏன் டீச்சர், செத்தவருக்கு இருட்டுன்னா பயமா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கோபமில்லை. வெறும் விதி மனதில் நிற்காது. அது மீறப்பட்டபோது துடித்த ஒரு முகத்தைக் காட்ட வேண்டும். என்னிடம் அப்படி ஒரு முகம் இல்லை, அவ்வளவுதான்.

வார்டில் இருந்த மாவோரி நோயாளி எருவெரா ஒரு காலையில் இறந்தார். அருகில் மனைவி மெரெயானா மட்டும். உறவினர்கள் காரில் வந்துகொண்டிருந்தார்கள். நான் அவள் மொழியில் வணக்கம் சொன்னேன். உச்சரிப்பு சரியாக இருந்ததும் அவள் தோள் தளர்ந்தது. நம்பிக்கை அப்படித்தான் உண்டாகிறது.

"வாசலுக்குப் போய் உங்க ஆளுங்களக் கூட்டிட்டு வாங்க. நான் இவர்கூட இருக்கேன்."

"விட்டுட்டுப் போயிடாத, தங்கச்சி. ஏதாச்சும் பேசிட்டே இரு. வாயில்லாத ஆளுகூட இருந்தா அவருக்குப் பிடிக்காது."

அவள் போனதும் கிரெய்க்கைக் கூப்பிட்டேன். குடும்பம் சம்மதித்துவிட்டது, பிணவறைக்குக் கொண்டு போ என்றேன்.

அவள் திரும்பி வந்தபோது நர்ஸ் மெத்தையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அவரோட யாரு இருக்கா?" என்று மெதுவாகக் கேட்டாள் மெரெயானா.

சற்றுப் பிந்தி வந்த நான், ஒரு ஃபோன் வந்து வெளியே போனேன், அதற்குள் கிரெய்க் அவசரப்பட்டுவிட்டான் என்றேன். விசாரணையில் அவன், "நீங்கதானே டீச்சர் எடுத்துட்டுப் போகச் சொன்னீங்க?" என்றான். வகுப்பில் கேலி செய்தவனை யார் நம்புவார்கள்? அவன் வேலை போயிற்று.

இப்போது மெரெயானா என் வகுப்புகளுக்கு வந்து பேசுகிறாள். ஒவ்வொரு முறையும் அதே கேள்வியோடு முடிக்கிறாள். யாரும் சிரிப்பதில்லை. நான் அவள் முதுகைத் தடவிக் கொடுப்பேன். வீட்டில் பாத்திரம் கழுவிக் குழாயை மூடினால், அந்த அமைதியிலும் அவள் அதையே கேட்கிறாள். நல்ல பாடம் அப்படித்தான் தங்கும்.

நீங்கள் கேட்பதால் சொல்கிறேன். ஃபோன் எதுவும் வரவில்லை. நான் பிணவறைக்கு வெளியேதான் நின்றிருந்தேன். கதவு பூட்டியிருக்கவில்லை, உள்ளே நாற்காலியும் இருந்தது. போய் உட்கார்ந்து அவரிடம் இரண்டு வார்த்தை பேசியிருக்கலாம். ஆனால் அப்படிச் செய்திருந்தால் அவர் தனியாக இருந்தார் என்று சொல்ல முடியாதே. வகுப்பில் நான் ஒருநாளும் பொய் சொன்னதில்லை.